வாகனக் கேள்வி பதில்: முன் சக்கரத்துக்குப் பின்னால் சேறு

கேள்வி: என்னிடம் 1972-ஆம் ஆண்டு எம்.ஜி.பி. ரோட்ஸ்டர் இருக்கிறது. முன் வீல் ஆர்ச்சுக்குள், சக்கரத்துக்குப் பின்பக்கம் இருக்கும் சேறு தடுப்புத் தகடுகள் இரண்டும் துருப்பிடித்து உதிர்ந்துவிட்டன. ரப்பர் மட்ஃப்ளாப் தொங்கவிட்டால் போதுமா? அல்லது தகட்டை நானே செய்து மாட்டலாமா?
— லண்டன் ஹாரோவிலிருந்து ஒரு வாசகர்

பதில்: நீங்களே செய்யலாம், தாராளமாக. மட்ஃப்ளாப் மட்டும் போதாது. அது கதவின் அடிப்பகுதிப் பெயின்ட்டைக் காக்கும், அவ்வளவுதான். ஆபத்து உள்ளே இருக்கிறது. உங்கள் காரில் முன் மட்கார்டின் பின்பகுதிக்கும் பாடிக்கும் நடுவே ஒரு பொந்து உண்டு. தகடு இல்லாவிட்டால் டயர் வாரி இறைக்கும் சேறெல்லாம் நேரே அதற்குள் போய் அடியில் படிந்துவிடும். குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பும் அதோடு சேரும். ரோடு காய்ந்து பல நாளான பிறகும் அந்தச் சேறு ஈரமாகவே இருக்கும். அதற்குக் கீழேதான் சில் இருக்கிறது, அதாவது கதவுக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் இரும்புப் பெட்டிப் பகுதி. எம்.ஜி.பி.க்குத் தனி சேஸி (அடிச்சட்டம்) கிடையாது, கூரையில்லாத ரோட்ஸ்டரில் பாரத்தின் பெரும்பங்கைச் சில்தான் தாங்குகிறது. அது அரித்துப்போனால் கார் நடுவில் தொய்ந்து, கதவு சரியாக மூடாது.

அதனால் முதல் வேலை பொந்தைச் சுத்தம் செய்வது. லெஸ்டரில் நான் வேலை பார்த்த பட்டறையில் இதே வகைக் கார் ஒன்றின் மட்கார்டைக் கழற்றியபோது, உள்ளே இரண்டு கை கொள்ளாத அளவுக்குச் சேறு இருந்தது. அதில் ஏதோ ஒரு மரத்து விதை விழுந்து, வெயில் படாமல் வெளுத்துப்போய் விரல் நீளத்துக்கு முளைத்திருந்தது. அந்தச் சேற்றை எடுத்த பிறகு சில்லை ஸ்க்ரூ டிரைவரால் லேசாகக் குத்திப் பார்த்தேன், உள்ளே இறங்கிவிட்டது. உங்கள் காரிலும் குத்திப் பாருங்கள். இறங்கினால் தகட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் வெல்டிங்.

சில் உறுதியாக இருந்தால், அட்டையில் மாதிரி வெட்டுங்கள். சீரியல் டப்பா அட்டையே போதும். பெரிதாக வெட்டிக்கொண்டு, வைத்து வைத்துப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். இடப்பக்க மாதிரியை அப்படியே திருப்பி வலப்பக்கத்துக்கு வைக்காதீர்கள். ஐம்பது வருடக் காரில் எங்காவது அடிபட்டு நிமிர்த்தியிருப்பார்கள், இரு பக்கமும் ஒன்றுபோல் இருக்காது.

நான் முதலில் அலுமினியத்தில் செய்தேன். வெட்ட எளிது, பார்க்கவும் அழகு. ஆனால் இரும்போடு நேராகச் சேர்த்து முடுக்கிவிட்டேன். உப்புத்தண்ணீர் பட்டு, இரண்டு குளிர்காலத்தில் போல்ட்டைச் சுற்றி அலுமினியம் வெள்ளைப் பொடியாகப் பூத்துவிட்டது. அதிலிருந்து 3 மி.மீ. பாலித்தீன் ஷீட்தான். துருவே பிடிக்காது, ஜிக்சா வாளால் வெட்டலாம்.

தகட்டைவிட முக்கியம் அதன் ஓர ரப்பர். தகடு முழுசாக இருந்தும் ரப்பர் இற்றுப்போனதால் சில் அரித்த கார்களைப் பார்த்திருக்கிறேன். ரப்பர் மட்கார்டின் உள்பக்கத்தில் நன்றாக அழுந்தி உட்கார வேண்டும். ஆனால் கீழ் முனையில் விரல் நுழையும் இடைவெளி விடுங்கள். எப்படியும் கொஞ்சம் தண்ணீர் உள்ளே போகும், அது வடிய வழி வேண்டும். புதுத் துளை போடாதீர்கள், பழைய துளைகளையே பயன்படுத்துங்கள். மாட்டுமுன் பொந்துக்குள் மெழுகு ஸ்ப்ரே அடித்துவிடுங்கள்.

டயர் உரசுமா என்று பார்க்க, தகட்டில் டயர் பக்கமாக நாலைந்து இடத்தில் 20 மி.மீ.க்கும் பெரிய களிமண் உருண்டை ஒட்டுங்கள். ஸ்டீரிங்கை இரு பக்கமும் முழுசாக ஒடித்து, மேடுபள்ளத்தில் மெதுவாக ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். உருண்டை 20 மி.மீ.க்கும் கீழே நசுங்கியிருந்தால் அந்த இடத்தில் தகட்டை உள்ளே தள்ளி மாட்டுங்கள்.

நல்ல மழையில் ஓட்டிய பிறகு ஒருமுறை தகட்டைக் கழற்றிப் பின்பக்கம் பாருங்கள். ரப்பர் எங்கே சரியாக உட்காரவில்லையோ, அங்கே சேற்றுக்கோடு தெரியும்.