சாட்ஸ்வொர்த் வீட்டை இப்போது விற்கலாமா? – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. 1960களில் தென்னாப்பிரிக்க இனவொதுக்கல் சட்டத்தால் டர்பனின் கேட்டோ மேனர் பகுதியிலிருந்து வெளியேற்றப்பட்ட என் மாமனார் டர்பன் மாநகராட்சியிடம் வாடகைக்குப் பெற்று, பின்னர் விலைக்கு வாங்கிய சாட்ஸ்வொர்த் வீட்டில் வசிக்கிறேன். கணவர் காலமாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. பத்திரம் இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. மகள் கேப் டவுனுக்கு வந்துவிடச் சொல்கிறாள். வீட்டை வாங்கிக்கொள்ள ஒருவர் முன்வந்திருக்கிறார். ஏஜென்ட், வட்டி இறங்குவதால் ஓரிரு ஆண்டு பொறுத்தால் விலை ஏறும் என்கிறார். என் தம்பியோ, கலவரமும் வெள்ளமும் கண்ட ஊரில் இனி விலை ஏறாது, வந்த விலைக்குக் கொடுத்துவிடு என்கிறான். எதைக் கேட்பது?

எஸ்., டர்பன்

அன்புள்ள அம்மா,

ஏஜென்டும் தம்பியும் சொன்னவற்றைக் காட்டிலும், நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கும் ஒரு வரிதான் என்னைக் கவலைகொள்ள வைத்தது. பத்திரம் கணவர் பெயரில் இருக்கும்வரை, எவ்வளவு நல்ல விலை வந்தாலும் அந்த வீட்டை விற்கும் அதிகாரம் உங்களுக்கு இல்லை. அவருடைய இறப்பையும் சொத்து விவரத்தையும், இறந்தவர்களின் சொத்து நிர்வாகத்தைக் கண்காணிக்கும் உயர்நீதிமன்ற மாஸ்டர் அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும்; சொத்தின் மதிப்பு 2,50,000 ராண்டுக்கு மேல் இருந்தால், சொத்தை நிர்வகிக்க ஒருவரை அந்த அலுவலகம் முறைப்படி நியமிக்கும். அதன்பின் கடன்காரர்கள் உரிமை கோர அரசிதழிலும் உள்ளூர்ப் பத்திரிகையிலும் அறிவிப்பு வெளியிட்டு 30 நாள் காத்திருக்க வேண்டும். கணக்கு தயாரானதும் அதை 21 நாள் பொதுப் பார்வைக்கு வைக்க வேண்டும். காகிதத்தில் இரண்டு மாதமாகத் தெரியும் இந்த வேலை நடைமுறையில் மிக நீண்டுவிடும்.

உங்கள் தலைமுறையில் பலர் கோவிலில் தாலி கட்டியதோடு நிறுத்தி, திருமணத்தைப் பதிவு செய்யாமலே வாழ்ந்துவிட்டார்கள். நீங்களும் அப்படியென்றால் அஞ்ச வேண்டாம். உயில் இல்லாத நிலையில், இந்துச் சடங்குப்படி மட்டும் மணந்த மனைவிக்கும் வாரிசுரிமை உண்டு என்று டர்பன் உயர்நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் பதிவான திருமணமாக இருந்து, தம்பதியரின் சொத்து பொதுவானதென்ற முறை பொருந்துமானால், வீட்டில் பாதி ஏற்கெனவே உங்களுடையது. ஆகவே வழக்கறிஞரிடம் திருமணச் சான்றிதழையும், உயில் இருந்தால் அதையும் முதலில் காட்டுங்கள்.

இனி ஏஜென்ட் சொன்னதற்கு வருகிறேன். அவர் பேச்சில் அடிப்படை இல்லாமல் இல்லை. 2023 மே முதல் 2024 செப்டம்பர் வரை 11.75 விழுக்காடாக இருந்த வங்கிகளின் முதன்மை வட்டி (கடன் வட்டிக்கு வங்கிகள் அடிப்படையாகக் கொள்ளும் விகிதம்), 2025 நவம்பரில் 10.25 ஆக இறங்கியது. வட்டி இறங்கினால் அதே சம்பளக்காரருக்குக் கூடுதல் கடன் கிடைக்கும், விலையும் சற்று அசையும். ஆனால் நீங்கள் விற்பது டர்பனில், போவது கேப் டவுனுக்கு. கேப் டவுன் வீட்டு விலை பல ஆண்டுகளாக டர்பனைவிட வேகமாக ஏறிவருகிறது. இங்கே ஏறட்டும் என்று நீங்கள் பொறுத்திருக்கும் காலத்தில் அங்கே அதைவிட அதிகமாக ஏறிவிட்டால், கையில் கூடுதல் பணம் இருந்தும் வாங்கக்கூடிய வீடு சிறுத்துப்போகும். மகள் வீட்டிலேயே தங்கப் போகிறீர்கள் என்றால் இந்தக் கணக்கு தேவையில்லை. எது உங்கள் எண்ணம் என்று கடிதத்தில் இல்லை. மகளிடம் முதலில் பேச வேண்டியது அதைத்தான்.

தம்பியின் அச்சத்தை நான் அலட்சியம் செய்யமாட்டேன். 2021 ஜூலையில் நடந்த கலவரத்தையும், 2022 ஏப்ரல் வெள்ளத்தில் நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் 400க்கும் மேற்பட்டோர் இறந்ததையும் யாரும் மறக்கவில்லை. என்றாலும் வாங்க வருபவர் விலை பேசுவது ஊரின் வரலாற்றை மட்டும் வைத்தல்ல, உங்கள் வீட்டுச் சுவரையும் பார்த்துத்தான். சாட்ஸ்வொர்த்தில் பல வீடுகள் சரிவில் நிற்பவை. அடுத்த பெருமழை ஓய்ந்ததும் கொல்லைப்புறம் போய், மண்ணைத் தாங்கும் சுவரில் புது விரிசல் இருக்கிறதா, வடிகால் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். பின்னால் கட்டிய கூடுதல் அறைக்கு டர்பனை நிர்வகிக்கும் எத்தெக்வினி மாநகராட்சி ஒப்புதல் அளித்த வரைபடம் உண்டா என்றும் தேடுங்கள். அது இல்லாமல் விற்பனை பாதியில் நின்றுபோவதுண்டு. கமிஷன், மாநகராட்சி பாக்கி, மின்சாரச் சான்றிதழ்ச் செலவு ஆகியவற்றைக் கழித்துவிட்டுக் கைக்கு வரும் தொகையை மட்டுமே விலையாக நினையுங்கள்.

என் கருத்து இதுதான்: பத்திர வேலையை இப்போதே தொடங்குங்கள், அது முடியும்வரை எப்படியும் காத்திருக்கத்தான் வேண்டும். அந்தக் காலத்தில் ஒரு குளிர்காலத்தைக் கேப் டவுனில் மகளோடு கழியுங்கள். நம் ஊரைப் போல் கோடையில் அல்ல, அங்கே குளிரில்தான் மழை. அந்த மாதங்களில் தனிமையும் உடம்பும் எப்படி இருக்கின்றன என்று நீங்களே அறிந்துகொள்வீர்கள். வீட்டை அதுவரை வாடகைக்கு விட வேண்டாம். 1998ஆம் ஆண்டின் சட்டவிரோத வெளியேற்றத் தடுப்புச் சட்டப்படி, வாடகை தராதவரையும் நீதிமன்ற ஆணையின்றி வெளியேற்ற முடியாது. அந்த அலைச்சலைத் தொலைவில் இருந்துகொண்டு உங்களால் தாங்க இயலாது. நம்பகமான உறவினர் யாராவது குடியிருந்தால் போதும்.

வாங்க முன்வந்தவரிடம் உண்மை நிலையைச் சொல்லிவிடுங்கள். அவர் அவசரப்படுத்தினாலும் எதிலும் கையொப்பமிடாதீர்கள், முன்பணம் என்று எதையும் கையில் வாங்காதீர்கள். உண்மையான விருப்பம் இருந்தால் அவர் காத்திருப்பார். சொத்து நிர்வாகி நியமிக்கப்பட்டதும், அவரையே விற்பவராகக் காட்டி வழக்கறிஞர் ஒப்பந்தம் எழுதட்டும், முன்பணமும் அந்த வழக்கறிஞரின் பொறுப்புக் கணக்கிலேயே இருக்கட்டும்.