கன்சோலில் ஆடும் ஷூட்டர் (துப்பாக்கிச் சண்டை) கேம்களில் ஸ்பிளிட் ஸ்கிரீன், அதாவது ஒரே டிவித் திரையைப் பிரித்துப் பக்கத்தில் இருப்பவரோடு சேர்ந்து ஆடும் வசதி, வைப்பதால் என்ன லாபம், என்ன நஷ்டம்?

லாபம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரு கன்சோல், ஒரு கேம், கூடுதலாக ஒரு கண்ட்ரோலர் இருந்தால் போதும், இணையம்கூட வேண்டாம். அண்ணன் தம்பி இருக்கும் வீட்டில் இதற்கு ஈடு கிடையாது. எதிராளி ஓரக்கண்ணால் உங்கள் பாதித் திரையைப் பார்த்து ஒளிந்திருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பான், அது தனிச் சண்டை.

நஷ்டம்தான் பலருக்குப் புரிவதில்லை. "டிவியைத்தானே இரண்டாகப் பிரிக்கிறார்கள், மொத்த பிக்சல் அதேதானே?" என்பார்கள். பிக்சல் அதேதான், ஆனால் கேமுக்குள் காட்சியைக் காட்டும் கேமரா இரண்டு. எது கண்ணில் படுகிறது, எது மறைந்திருக்கிறது என்ற கணக்கை ஒவ்வொரு கேமராவுக்கும் தனியாகப் போட வேண்டும். இருவரும் ஒரே எதிரியைப் பார்த்தால் அவனை இரண்டு தடவை வரைய வேண்டும். இதில் பெரும் பங்கு கன்சோலின் மூளையான சிபியு தலையில் விழுகிறது. அதனால் ரெசல்யூஷனை, அதாவது பிக்சல் எண்ணிக்கையை, குறைத்து மட்டும் தப்பிக்க முடியாது.

1997இல் நின்டெண்டோ 64இல் வந்த கோல்டன்ஐ 007இல் நான்கு பேர் ஆடும் மோடு, வேலை முடியும் தறுவாயில்தான் சேர்க்கப்பட்டது. நான்கு பேரும் சுட ஆரம்பித்தால் ஃபிரேம் ரேட் (வினாடிக்கு எத்தனை படம் என்ற வேகம்) படுத்துவிடும். யாரும் கண்டுகொள்ளவில்லை. இன்று அப்படி ஒரு கேமை வெளியிட்டால் கிழித்துவிடுவார்கள்.

எக்ஸ்பாக்ஸின் ஹேலோ ஷூட்டர் தொடரைப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். 2001இல் வந்த முதல் ஹேலோ வாங்கிய நல்ல பெயரில் பாதி ஸ்பிளிட் ஸ்கிரீனால் வந்தது. 2015இல் ஹேலோ 5 அதை மொத்தமாகத் தூக்கிவிட்டு, வினாடிக்கு 60 ஃபிரேம் என்ற இலக்கைப் பிடித்தது. ரசிகர்கள் விட்டு வைக்கவில்லை. 2017இல் ஹேலோவை உருவாக்கிய 343 இண்டஸ்ட்ரீஸின் அன்றைய தலைவர் பானி ராஸ், இனி வரும் ஹேலோ ஷூட்டர்களில் ஸ்பிளிட் ஸ்கிரீன் கட்டாயம் இருக்கும் என்று வாக்குக் கொடுத்தார்.

2021இல் ஹேலோ இன்ஃபினிட் வந்தபோது பாதி வாக்குதான் நிறைவேறியது. பலர் ஒருவரோடு ஒருவர் மோதும் மல்டிபிளேயரில் ஸ்பிளிட் ஸ்கிரீன் உண்டு. கதைப் பகுதிக்கு அது பிறகு வரும் என்றார்கள். 2022 செப்டம்பரில் கைவிட்டார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்: மல்டிபிளேயர் மேப் சின்னது, அடைத்த களம், முழுவதையும் மெமரியில் வைத்துக்கொள்ளலாம். கதையோ திறந்தவெளி. ஒருவர் கிழக்கே, இன்னொருவர் மேற்கே போனால் இரண்டு பகுதிகளையும் ஒரே நேரத்தில் ஏற்ற வேண்டும். அதுவும் 2013இல் வந்த எக்ஸ்பாக்ஸ் ஒன்னிலும் ஓட வேண்டும்!

வேடிக்கை என்னவென்றால், ஒரு கோளாறைப் பயன்படுத்தி அந்தக் கதைப் பகுதியையே ரசிகர்கள் ஸ்பிளிட் ஸ்கிரீனில் ஆடிக் காட்டினார்கள். "ஓடுகிறதே, அப்புறம் ஏன் தரவில்லை?" என்று கோபம். ஓடுவது வேறு, காசு வாங்கிக்கொண்டு கொடுப்பது வேறு. ஒவ்வொரு கட்டத்தையும் இரண்டு பேரை வைத்துச் சோதிக்க வேண்டும். மெனு, எழுத்தளவு எல்லாவற்றையும் பாதித் திரைக்காக மறுபடி வடிவமைக்க வேண்டும்.

என் கருத்து: அடைத்த களத்தில் ஆடும் ஷூட்டரில் இதை வைக்காததற்குச் சாக்கு இல்லை. திறந்தவெளிக் கதையில் முதல் நாளே திட்டமிடவில்லை என்றால் விட்டுவிடுவதே மேல். சும்மா வாக்குக் கொடுப்பதுதான் தப்பு. வாங்குபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: கடைப் பக்கத்தில் ஸ்பிளிட் ஸ்கிரீன் உண்டு என்று போட்டிருந்தால், அது கதைக்கா, மல்டிபிளேயருக்கா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.