ஏழாம் எண் சட்டை: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயாவுக்கு,

2005இல் இஸ்தான்புல் இறுதியாட்டத்தை விடுதியின் தொலைக்காட்சியில் பார்த்த இரவிலிருந்து நான் லிவர்பூல் ரசிகன். பாதி ஆட்டத்தில் மூன்று கோல் பின்தங்கியிருந்த அணி ஏ.சி. மிலானை வென்ற அந்த இரவுக்குப் பிறகு வேறு கழகத்தை நினைத்ததே இல்லை. எங்கள் அணிக்கு ஆடிய உருகுவே வீரர் லூயிஸ் சுவாரெஸின் ஏழாம் எண் சட்டையை, நண்பன் துபாயிலிருந்து வாங்கி வந்ததை, இன்றும் அலமாரியில் வைத்திருக்கிறேன்.

2025 ஆகஸ்டில் லீக்ஸ் கோப்பை இறுதியாட்டம் முடிந்ததும் சுவாரெஸ் சியாட்டில் அணியின் ஊழியர் மீது துப்பிய காணொளியை என் பன்னிரண்டு வயது மகன் பார்த்துவிட்டான். பிறகு அவனாகவே தேடி, எதிரணி வீரர்களான இவானோவிச்சைக் கடித்தது, கியெல்லினியைக் கடித்தது, அந்த மான்செஸ்டர் வீரருடன் நடந்த தகராறு என்று எல்லாவற்றையும் பார்த்தான். "இந்த ஆளோட சட்டையையாப்பா வெச்சிருக்கீங்க?" என்று கேட்டான். கூனிக் குறுகிப் போனேன். இவரைப் போன்ற ஒருவர் என் கழகத்துக்கே களங்கம் என்று தோன்றுகிறது.

அந்தச் சட்டையை எறிந்துவிடலாமா? அவர் அடித்த கோல்களுக்கு மகிழ்ந்தது தவறா? எங்கோ இருக்கும் ஒரு ஊரின் கழகத்துக்காக நான் வெட்கப்படுவதே அசட்டுத்தனமா? அந்த மான்செஸ்டர் வீரரைப் பார்த்து அவர் சொன்ன, நிறத்தைச் சுட்டும் சொல்லை உருகுவேயில் செல்லமாகவும் சொல்வார்கள் என்கிறார்களே, அது குறித்து என்ன நினைக்கிறீர்கள்?

ச.,
கோவை

அன்புள்ள ச.,

சுவாரெஸ் துப்பிய செய்தி வந்த நாளிலிருந்து நானும் இதையே அசைபோட்டுக்கொண்டிருக்கிறேன். அந்த மான்செஸ்டர் வீரரின் முறையீட்டை விசாரித்து இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் 2011ஆம் ஆண்டின் கடைசி நாளில் வெளியிட்ட 115 பக்க அறிக்கையை மறுபடியும் எடுத்துப் படித்துக்கொண்டிருந்தபோது உங்கள் கடிதம் வந்தது. ஆகவே சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

இரண்டு கேள்விகளை முதலில் ஒதுக்கிவிடுகிறேன். கடல் கடந்த ஒரு துறைமுக நகரத்தின் கழகத்துக்காகக் கோவையில் ஒருவர் கண் விழிப்பது அசட்டுத்தனம் என்றால் உலகத்தில் பாதிப் பேர் அசடுகள். அதில் விவாதிக்க ஒன்றுமில்லை. கோல்களுக்கு மகிழ்ந்ததும் அப்படித்தான். 2013-14 பருவத்தில் அவர் 33 லீக் ஆட்டங்களில் 31 கோல் அடித்தார். நார்விச்சுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் அடித்த நான்கில் முதலாவது ஏறத்தாழ நாற்பது கஜத்திலிருந்து போனது. அதைப் பார்த்துத் துள்ளாதவருக்குக் கால்பந்து எதற்கு? துள்ளினீர்கள், நல்லது.

ஆனால் உங்கள் கடிதத்தில் ஒன்று என்னை உறுத்துகிறது. கடிபட்ட இருவரையும் பெயர் சொல்லி எழுதியிருக்கிறீர்கள். நிறத்தைச் சொல்லி இழிவுபடுத்தப்பட்டவர் மட்டும் உங்களுக்கு "அந்த மான்செஸ்டர் வீரர்". அவருக்கு நேர்ந்தது "தகராறு". அவர் பெயர் பத்ரிஸ் எவ்ரா. 2011 அக்டோபர் 15 அன்று லிவர்பூலின் மைதானமான ஆன்ஃபீல்டில் நடந்தது இரு தரப்பும் கை ஓங்கிய தகராறு அன்று. தன் நிறத்தைச் சுட்டும் சொல்லைச் சுவாரெஸ் திரும்பத் திரும்பச் சொன்னதாக எவ்ரா முறையிட்டார், சங்கம் அமைத்த விசாரணைக் குழு இரு தரப்பையும் கேட்டது, ஏழு முறை சொல்லப்பட்டது என்று முடிவுக்கு வந்தது, எட்டு ஆட்டத் தடையும் 40,000 பவுண்டு அபராதமும் விதித்தது. ஒரு முறை சொன்னதைச் சுவாரெஸே ஒப்புக்கொண்டார். செல்லச் சொல் என்ற வாதத்தையும் குழு விட்டுவைக்கவில்லை. மொழி வல்லுநர்கள் இருவரை அழைத்துக் கேட்டது. எவ்ரா சொன்ன விதத்தில் அது சொல்லப்பட்டிருந்தால் உருகுவேயிலும் அது இழிவுதான் என்று அவர்கள் சொன்னார்கள். சண்டைக்கு நிற்கும் எதிரணி வீரனை யாரும் செல்லம் கொஞ்சுவதில்லை என்பதற்கு வல்லுநர்கூடத் தேவையில்லை. இந்தச் சாக்கை உங்கள் மகனிடம் சொல்லிவிடாதீர்கள், அவன் சிரிப்பான்.

ரசிகர்களின் வெட்கத்தைப் பற்றி எனக்கு நெடுநாளாக ஒரு மனத்தாங்கல் உண்டு. 2013 ஏப்ரலில் சுவாரெஸ் இவானோவிச்சின் கையைக் கடித்தபோது லிவர்பூல் ரசிகர்கள் வெட்கப்பட்டார்கள். அன்று மாலையே அவர் மன்னிப்புக் கேட்டார், கழகமும் அபராதம் விதித்தது. கடிப்பது உலகமே பார்த்துச் சிரிக்கும் செயல். பல் பதிவதைக் கேமரா காட்டிவிட்டது. அதற்குப் பதினெட்டு மாதங்களுக்கு முன்னால் எவ்ராவின் முறையீட்டில் கேமரா காட்டியது குறைவு, எவ்ராவின் வாய்மொழிதான் பெரும்பகுதி. அப்போது அதே ரசிகர்களுக்கு வந்தது கோபம், அதுவும் எவ்ரா மீது. 2012 ஜனவரி 28 அன்று எஃப்.ஏ. கோப்பை ஆட்டத்துக்காக ஆன்ஃபீல்டுக்கு வந்த எவ்ராவை, அவர் காலில் பந்து பட்டபோதெல்லாம் கூச்சலிட்டு அவமானப்படுத்தினார்கள். சுவாரெஸ் அன்று தடையில் இருந்தார். களத்தில் கால் வைக்கவே இல்லை. அந்தக் கூச்சலில் அவருக்கு எந்தப் பங்கும் கிடையாது. அது முழுக்க முழுக்க ரசிகர்கள் சம்பாதித்துக்கொண்டது. பிறர் செய்ததற்கு வெட்கப்படுவதில் ஒரு சுகம் இருக்கிறது, ஐயா. நாம் உயர்ந்தவர்கள், அவன் ஒருவன்தான் கறை என்று சொல்லிக்கொள்ள அது வசதி செய்து தருகிறது. "என் கழகத்துக்கே களங்கம்" என்ற உங்கள் வரி அந்த வசதியிலிருந்து வந்தது.

அந்தக் கழகம் என்ன செய்தது என்று பாருங்கள். தண்டனை அறிவிக்கப்பட்டது 2011 டிசம்பர் 20. மறுநாள் இரவு விகனில் ஆட்டம். ஆட்டத்துக்கு முன் பயிற்சிக்கு இறங்கிய லிவர்பூல் வீரர்கள் எல்லோரும் ஒரே மாதிரி டி-சட்டை அணிந்திருந்தார்கள்: முன்புறம் சுவாரெஸின் படம், முதுகில் அவர் பெயரும் 7 என்ற எண்ணும். மேலாளர் கென்னி டால்க்லிஷும் அணிந்திருந்தார். கறுப்பின வீரரான க்ளென் ஜான்சனும் அணிந்திருந்தார். ஒரு நாள் அவகாசத்தில் யாரோ படத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள், அச்சிட ஆணை கொடுத்திருக்கிறார்கள், ஒவ்வொருவரின் அளவும் பார்த்துப் பெட்டியில் அடுக்கிப் பேருந்தில் ஏற்றியிருக்கிறார்கள். கடிப்பது ஒரு நொடியின் வெறி என்று சொல்லலாம். சட்டை அச்சிடுவதை அப்படிச் சொல்ல முடியாது. விசாரணையின் முழு அறிக்கை வெளிவர இன்னும் பத்து நாள் இருந்தது. படிப்பதற்கு ஒன்றும் கையில் இல்லாதபோதே அத்தனை பேரும் மார்பில் தீர்ப்பை எழுதிக்கொண்டு நின்றார்கள். டால்க்லிஷ் யார்? 1987இல் கறுப்பின வீரரான ஜான் பார்ன்ஸை லிவர்பூலுக்குக் கொண்டுவந்தவர். அடுத்த ஆண்டு எவர்டன் மைதானத்தில் பார்ன்ஸின் காலடியில் வாழைப்பழம் எறிந்தார்கள். அதை அவர் பின்னங்காலால் தட்டிவிடும் புகைப்படம் இன்றும் எல்லோர் நினைவிலும் இருக்கிறது. தன் வீரன் இழிவுபடுத்தப்படுவதை அருகில் நின்று பார்த்த மேலாளருக்கே, அடுத்த அணியின் வீரன் இழிவுபடுத்தப்பட்டேன் என்று சொன்னபோது அது கேட்கவில்லை. எனக்கு இதுதான் ஆறவில்லை. நடுவில் ஒரு வேடிக்கையும் சொல்லிவிடுகிறேன். 1999இல் ராபி ஃபௌலர் எவர்டனுக்கு எதிராகக் கோல் அடித்துவிட்டு, போதைப்பொடி உறிஞ்சுவதைப் போல எல்லைக்கோட்டை மோந்து பார்த்தபோது, அது கேமரூன்காரர்கள் புல் தின்னும் கொண்டாட்டம் என்று மேலாளர் ஜெரார் ஹூலியே விளக்கம் கொடுத்தார். அதற்கு ஊரே சிரித்தது, அதோடு போயிற்று. விகனில் யாரும் சிரிக்கவில்லை.

நான் சில காலம் மலப்புறம் மாவட்டத்தில் வேலை பார்த்தவன். அங்கே அறுவடை முடிந்த வயல்களில் கமுகு மரங்களை நட்டுக் கேலரி கட்டி, விளக்கு வெளிச்சத்தில், அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் கால்பந்து நடக்கும். ஒவ்வொரு கழகமும் ஆப்பிரிக்க வீரர்களைச் சம்பளத்துக்குக் கொண்டுவரும். கேலரி அவர்களைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடும். அதே கேலரி எதிரணியின் ஆப்பிரிக்கரைப் பார்த்துக் குரங்கு ஒலி எழுப்புவதையும் நான் கேட்டிருக்கிறேன், இரண்டுக்கும் நடுவில் ஐந்து நிமிடம்கூட இருக்காது. 2024 மார்ச்சில் அதே மாவட்டத்தின் அரீக்கோட்டில் ஐவரி கோஸ்ட் நாட்டு வீரர் ஒருவரைப் பார்வையாளர்கள் துரத்தி அடித்த செய்தியைப் படித்தபோது எனக்கு வியப்பு வரவில்லை.

நான் பார்த்த ஓர் ஆட்டத்தில் உள்ளூர் அணியின் பேக், அதாவது தடுப்பாட்டக்காரன், எதிரணி முன்கள வீரரிடம் நெருங்கி நின்று ஏதோ சொன்னான். அந்த வீரர் பந்தை விட்டுவிட்டுக் கோட்டுக்கு வெளியே வந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். நடுவருக்குக் கேட்கவில்லை. ஆனால் என்ன சொன்னான் என்பது கோட்டருகே நின்ற எங்கள் எல்லோருக்கும் கேட்டது. உள்ளூர் அணிக்கு ஒரு பெரியவர் இருந்தார், எல்லோரும் இக்கா என்று அழைப்பார்கள். சட்டைகளைத் துவைத்து, காயவைத்து, எண் வரிசையில் மடித்துக் கொண்டுவருவதும் இடைவேளையில் எலுமிச்சைத் தண்ணீர் ஊற்றிக் கொடுப்பதும் அவர் வேலை. இடைவேளையில் அவர் வாளியை முதலில் எதிரணிப் பக்கம் எடுத்துப் போனார். திரும்பி வந்து பேக்கின் முன்னால் நின்று கையை நீட்டி, "கழற்று" என்றார். அவன் சிரித்தான். மேலாளரைப் பார்த்தான். மேலாளர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிழவர் நீட்டிய கையை மடக்கவே இல்லை. கடைசியில் அவன் சட்டையைக் கழற்றிக் கொடுத்தான். ஈரமும் சேறுமாக இருந்த அதை அவர் மற்றச் சட்டைகளோடு போடாமல் தன்னுடைய துணிப்பையில் தனியாக வைத்துக்கொண்டார். மாற்று ஆட்டக்காரன் இறங்கினான், உள்ளூர் அணி ஒரு கோலில் தோற்றது, கேலரி அந்தக் கிழவரைப் பேருந்து நிறுத்தம் வரை ஏசிக்கொண்டே போனது. அடுத்த ஆட்டத்துக்கும் அவரே துவைத்துக் கொண்டுவந்தார். அந்தப் பேக்கும் அதே சட்டையில் ஆடினான். யாரும் யாரையும் ஊரைவிட்டு விரட்டவில்லை.

அந்தக் கிழவரிடம் இருந்த உரிமை உங்களுக்கு இல்லை என்பது எனக்குத் தெரியும். லிவர்பூலின் சட்டையை யாரிடமிருந்தும் நீங்கள் திரும்ப வாங்க முடியாது. ஆனால் வாங்கும் இடத்தில் இருந்தவர்கள் வாங்கவில்லை. அன்று அணியின் துணைத் தலைவராக இருந்த ஜேமி காராகர் எட்டு ஆண்டு கழித்து, 2019 அக்டோபரில், தொலைக்காட்சி அரங்கில் எவ்ராவின் முன்னிலையில் மன்னிப்புக் கேட்டார். அந்தச் சட்டையை அணியமாட்டேன் என்று சொல்லும் துணிவு தனக்கு இருக்கவில்லை என்பதையும் சொன்னார். பின்னர் கழகத்தின் தலைமை நிர்வாகி பீட்டர் மூரும் எவ்ராவுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதினார். இதில் சுவாரெஸ் செய்ததற்கான வருத்தம் சிறிது. தாங்கள் செய்ததற்கான வருத்தம்தான் பெரிது. நீங்கள் வெட்கப்பட விரும்பினால் இந்த வரிசையில் வந்து நில்லுங்கள், ஐயா, இங்கே இடம் இருக்கிறது. கடித்ததற்கும் துப்பியதற்கும் வெட்கப்படச் சுவாரெஸின் தாய் தந்தையரும் மனைவி மக்களும் இருக்கிறார்கள். அது உங்களுக்குச் சேராது.

நீங்கள் கேட்டதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை என்பது நினைவிருக்கிறது. சட்டையை எறியுங்கள், அல்லது வைத்துக்கொள்ளுங்கள். நண்பன் அன்போடு வாங்கி வந்தது, நானாக இருந்தால் எறியமாட்டேன். அதைவிட உங்கள் பையன் முக்கியம். அப்பா வைத்திருந்த சட்டையைப் பார்த்து நேருக்கு நேர் கேட்கத் தெரிந்த பிள்ளையைப் பெற்றிருக்கிறீர்கள். அவன் கேட்டதற்காகக் கூனிக் குறுகுவதை விட்டுவிட்டு மகிழ்ச்சியடையுங்கள். அவனுக்கு எவ்ரா என்ற பெயரைச் சொல்லுங்கள். செனகலின் டக்கரில் பிறந்து, பாரிஸை ஒட்டிய லெ உலிஸில் வளர்ந்து, இரைச்சலுக்கு நடுவில் முறையிடத் துணிந்தவர் என்று சொல்லுங்கள். அந்த 115 பக்க அறிக்கை இணையத்தில் கிடைக்கிறது. சில பக்கங்களை அவனோடு உட்கார்ந்து படியுங்கள், பன்னிரண்டு வயது அதற்குக் குறைவில்லை. படித்து முடித்ததும் அவன் சுவாரெஸைப் பற்றி அதிகம் கேட்கமாட்டான் என்று நினைக்கிறேன். 2011 டிசம்பரில் நண்பர்களோடு உட்கார்ந்து பேசியபோது நீங்கள் யார் பக்கம் பேசினீர்கள் என்று கேட்பான். அதற்கு மறைக்காமல் பதில் சொல்லுங்கள், பிறகு எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்.