தாத்தா வட்டம் போட்ட இடம்

கேள்வி: தாத்தா மஸ்கெலியாப் பக்கத் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். அவருடைய ட்ரங்குப் பெட்டியில் சீலை ஒட்டிய பழைய ஓரங்குலப் படம் (ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் வரைந்த நில வரைபடம்) ஒன்று கிடைத்தது, 1920களில் அச்சிட்டது. அதில் மவுசாகலை நீர்த்தேக்கத்தையே காணோம், அந்த இடத்தில் பென்சிலால் ஒரு வட்டம் மட்டும். படம் பிழையா? அந்தக் காலத்தில் மலையை எப்படித்தான் அளந்தார்கள்?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: படம் சரி, தண்ணீர்தான் பிந்தி வந்தது. மவுசாகலை அணை 1969இல்தான் கட்டி முடிந்தது. உங்கள் தாளில் மஸ்கெலி ஓயா மெல்லிய கோடாக ஓடுவதைப் பார்த்திருப்பீர்களே, அதை மறித்ததுதான்.

மலையில் சங்கிலி இழுத்து அளந்தால் ஏறி இறங்கும் தூரமும் சேர்ந்துவிடும், படத்துக்கு அது உதவாது. அதனால் நீர்கொழும்புப் பக்கம் சமதரையில் ஒரு கோட்டை மட்டும் மிகத் துல்லியமாக அளந்து, அதன் இரு முனையிலிருந்தும் தூரத்துக் குன்றைத் தியோடொலைட் என்ற கோணமானித் தொலைநோக்கியால் பார்த்துக் கோணம் எடுத்தார்கள். ஒரு பக்கமும் இரண்டு கோணமும் தெரிந்தால் முக்கோணத்தின் மற்றப் பக்கங்கள் கணக்கிலேயே வந்துவிடும் (ஓ/எல்லில் நம்மை அழவைத்த அதே கணக்கு), அந்தப் பக்கத்தை வைத்து அடுத்த குன்று, அப்புறம் அதற்கடுத்தது என்று மலைநாடு வரைக்கும் போய்விட்டார்கள். கணக்குப் பிசகவில்லையே என்று சரிபார்க்க மட்டக்களப்பில் இன்னொரு கோடு. உயரத்துக்கும் கோணம்தான். பிதுருதலாகலை 8,281 அடி என்று மனப்பாடம் செய்தோமே, யாரும் கயிறு விட்டுப் பார்த்ததில்லை.

ஓடை, பாதை, தேயிலை ஸ்டோர் எல்லாம் அதற்குப் பிறகு. முக்காலியில் பலகையை வைத்து, தாளை ஒட்டி, எதிர்மலையைக் குறிபார்த்து அங்கேயே பென்சிலால் கோடு போடுவது. மூடுபனி இறங்கினால் அன்றைய வேலை அவ்வளவுதான். 1897இல் தொடங்கி, நாடு முழுவதும் 72 தாள்களாக முடிய 1924 ஆகிவிட்டது.

ஒன்று செய்து பாருங்கள். நாரஹேன்பிட்டி கிருல வீதியில் நில அளவைத் திணைக்களத்தில் அதே பகுதியின் 1:50,000 தாளை வாங்கிப் பக்கத்தில் விரியுங்கள், கொஞ்சம் பெரிதாகத் தெரியும், பரவாயில்லை. புதிய தாளில் உள்ள கரை, பழைய தாளின் சமவுயரக் கோடுகளின் (ஒரே உயரத்து இடங்களை இணைக்கும் கோடுகள்) வளைவுகளையே ஒட்டிப் போகும். தண்ணீர் மட்டம் எங்கும் ஒன்றுதானே.

சரி, அந்த வட்டம். உள்ளே கடைவீதி போலச் சின்னச் சின்னக் கட்டடங்கள் நெருக்கமாக இருந்தால் அது பழைய மஸ்கெலியா டவுன். கடும் வறட்சியில் நீர் வற்றும்போது அங்கிருந்த கோயில் இன்னும் தலைகாட்டுகிறது.