என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்

கேள்வி: தென்காசி மாவட்டத்துக் கிராமத் திருச்சபை ஒன்றில் இரண்டு ஆண்டுகளாகப் பொருளாளராக இருக்கிறேன். சபையார் எல்லாரும் கூடி உண்ணும் அசனப் பண்டிகையின் கணக்கை முடிக்கும்போது 23,500 ரூபாய் குறைந்தது. காணிக்கை எண்ணுவதில் எனக்கு உதவும் பெரியவர், மனைவியின் டயாலிசிஸ் செலவுக்காகத் தாமே எடுத்ததாக அழுதுகொண்டே ஒப்புக்கொண்டார். சிறு வயதில் ஓய்வுநாள் பள்ளியில் எனக்கு வேதம் கற்பித்தவர் அவர். அடுத்த அறுவடைக்குள் கட்டிவிடுவதாகவும், அதுவரை அரிசி, ஆடு வாங்கிய செலவோடு சேர்த்து எழுதிவிடும்படியும் கேட்கிறார். அடுத்த மாதம் தணிக்கை. சொன்னால் காட்டிக்கொடுத்தவன் ஆவேன். மறைத்தால் பொய்க் கணக்கு எழுதியவன் ஆவேன். ஒரு கிறிஸ்தவன் இதில் என்ன செய்ய வேண்டும்?

பதில்: அன்புள்ள சகோதரருக்கு,

அந்தப் பொய்ச் செலவை எழுத வேண்டாம். அந்தப் பெரியவரைக் கைவிடவும் வேண்டாம். இந்த இரண்டும் ஒன்றோடொன்று மோதுவதாக உங்களுக்குத் தோன்றுவதற்குக் காரணம், குற்றத்தை மூடிவைப்பதுதான் இரக்கம் என்று நாம் நெடுங்காலமாக எண்ணிப் பழகியிருப்பதே. மூடிவைத்தால் இழப்பு இல்லாமற் போய்விடாது, அது வேறொருவர் தலையில் விழும். நாளெல்லாம் பீடி சுற்றிக் கிடைத்த கூலியில் ஒரு தாய் ஒதுக்கிவைத்த காணிக்கையும், ஆராதனை முடிந்தபின் நடந்த ஏலத்தில் ஒரு வாழைத்தாருக்கு அதன் விலையைப்போல் மூன்று மடங்கு ஒருவர் மனமுவந்து கொடுத்ததும் அந்த 23,500 ரூபாய்க்குள் இருக்கக்கூடும். அவர்களைக் கேட்காமல், அவர்களுடைய பணத்தில் நீங்கள் இரக்கம் காட்ட உங்களுக்கு உரிமையில்லை. நானும் ஒரு சபையின் கணக்கைச் சில ஆண்டுகள் எழுதியவன். காணிக்கைப் பையைக் கொட்டும்போது விழும் நாணயங்களை யார் போட்டிருப்பார்கள் என்பது எண்ணுகிறவர்களுக்கு ஏறக்குறைய தெரியும்.

1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியவர்கள், இந்திய ஊழியர், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பதையே கொள்கையாகக் கொண்டார்கள். நம் மக்களின் காணிக்கையை நம்பி அப்படியொரு முடிவை எடுக்க முடிந்ததென்றால், கொடுத்த பணம் கொடுத்த காரியத்துக்கே போய்ச் சேரும் என்று கொடுத்தவர்கள் நம்பியிருக்க வேண்டும். எருசலேமின் ஏழைகளுக்காகப் பணம் சேர்த்த அப்போஸ்தலர் பவுலும், “கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமானவைகளைச் செய்ய நாடுகிறோம்” என்று கொரிந்தியருக்கு எழுதினார். தேவன் என் உள்ளத்தை அறிவார் என்பது பொருளாளருக்குப் போதுமான பதில் அன்று.

அப்படியானால் இரக்கத்துக்கு என்ன வழி என்று கேட்பீர்கள். பிலேமோனுக்கு எழுதப்பட்ட நிருபத்தை எடுத்து வாசியுங்கள், ஒரே அதிகாரம்தான். எஜமானாகிய பிலேமோனுக்கு நஷ்டம் உண்டாக்கியிருக்கக்கூடிய அடிமை ஒநேசிமுவைத் திருப்பி அனுப்பும் பவுல், அவன் ஒன்றுமே செய்யவில்லை என்று எழுதவில்லை. அவன் கடன்பட்டது உண்டானால் “அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்” என்றும், தாமே செலுத்தித் தீர்ப்பதாகவும் தம் சொந்தக் கையெழுத்தாக எழுதுகிறார். அந்த நிருபம் பிலேமோனுக்கு மட்டுமன்றி, அவர் வீட்டிலே கூடிவந்த சபைக்கும் முகவரியிடப்பட்டது என்பதையும் கவனியுங்கள். கடன் கடனாகவே எழுதப்படுகிறது, சுமப்பவரின் பெயர் மட்டும் மாறுகிறது. உங்களால் முடிந்தால் அந்தத் தொகையில் ஒரு பங்கை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் அதையும் பெயரில்லாக் காணிக்கையாகப் பெட்டியில் போட்டுக் குறையை நிரப்பாமல், குருவானவர் அறிய, உரிய ரசீதோடு செலுத்துங்கள்.

காட்டிக்கொடுத்தல் என்ற சொல் உங்களை வாட்டுகிறது. யூதாஸ் குற்றமற்ற ஒருவரைப் பகைவர் கையில் விற்றான். நீங்கள் செய்யப்போவது, குற்றத்தை ஏற்கெனவே ஒப்புக்கொண்ட ஒருவரை அவர்மேல் அன்புள்ள மேய்ப்பரிடம் கூட்டிச் செல்வது. ஆகவே மறுபடியும் அவரிடம் தனியாகப் போங்கள். பொய்ச் செலவை எழுத இயலாது என்பதைத் தெளிவாகச் சொல்லி, தணிக்கைக்கு முன்னரே குருவானவரிடம் அவர் தம் வாயால் சொல்லும்படி கேளுங்கள், உடன் வருவதாகவும் சொல்லுங்கள். அவர் சொல்வதற்கும் அவரைப் பற்றிப் பிறர் சொல்வதற்கும் உள்ள வேறுபாடு அந்த வயதில் ஒரு மனிதருக்கு மிகப் பெரியது. குறித்த நாளுக்குள் அவர் வராவிட்டால் நீங்களே சொல்ல வேண்டியதுதான். ஆனால் அப்படிச் செய்வீர்கள் என்பதை முன்கூட்டியே அவருக்குச் சொல்லிவிடுங்கள். செய்தி குருவானவரையும் கமிட்டியையும் தாண்டித் தெருவுக்கு வரக் கூடாது. பணத்தை மாதத் தவணையாகக் கட்டட்டும். இனிக் காணிக்கை எண்ணும் இடத்தில் அவர் இருக்க வேண்டாம். ஆலயத்தில் அவர் வழக்கமாக அமரும் இடம் அவருக்கே இருக்கட்டும்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் வருத்தியது வேறொன்று. டயாலிசிஸ் ஒரு நாளோடு முடிவதில்லை. பெரும்பாலும் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை போக வேண்டியது. அத்தனை முறை அந்தத் தம்பதியர் ஊரைக் கடந்து போய் வந்தும், பணத்துக்கு என்ன செய்கிறீர்கள் என்று சபையில் ஒருவரும் கேட்கவில்லையா? ஆயிரம் பேருக்கு அசனம் பரிமாற ஆள் கிடைக்கிற ஊரில் இது நடந்திருக்கக் கூடாது. கமிட்டியில் அவருடைய குற்றம் பேசப்படும்போது இதையும் பேசுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் அடங்கும்; குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று பெற்று, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்தில் பதிந்துகொள்ளலாம். அரசு மருத்துவமனையிலும் இந்தச் சிகிச்சை கட்டணமின்றிக் கிடைக்கும். காப்பீட்டுக்குள் வராத வண்டிச் செலவை வாலிபர் ஐக்கியம் முறைவைத்து ஏற்றுக்கொள்ளலாம்.

சிகிச்சை இல்லாத ஒரு நாளாகப் பார்த்து அவர் வீட்டுக்குப் போங்கள். முதலில் அந்த அம்மாவிடம் உடல்நலம் விசாரித்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்து ஜெபித்துவிட்டு, பிறகு பெரியவரை வெளியே அழைத்துக்கொண்டு போய்ப் பேசுங்கள். பணம் எங்கிருந்து வந்தது என்பது அந்த அம்மாவுக்குத் தெரியாமல் இருக்கலாம். தெரியாவிட்டால், அதை அவரிடம் சொல்ல வேண்டியவர் அவருடைய கணவர்தான்.