தூளி போலத் தொய்யட்டும்

கேள்வி: குடியாத்தத்தில் வசிக்கிறேன். மார்கழியில் நண்பர்கள் இருவருடன் ஜவ்வாது மலையில் ஓர் இரவு தங்கப்போகிறோம். அதற்காகத் தொங்கு படுக்கை வாங்கி, கொல்லையில் இரண்டு மரங்களுக்கு நடுவே தொய்வே இல்லாமல் இழுத்துக் கட்டிப் பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் முதுகு பிடித்துக்கொண்டது. விடியும்வரை இதில் தூங்க முடியுமா? போர்த்திக்கொள்ள ஒரு கம்பளி போதுமா?

பதில்: தூங்க முடியும். கம்பளி மட்டும் போதாது.

இழுத்துக் கட்டியதுதான் வினை. கட்டிலைப் போலத் தட்டையாக வேண்டும் என்று இறுக்கினால், துணியின் ஓரங்கள் விறைத்துத் தோளை நெரிக்கும். குழந்தைக்குப் புடவையில் தூளி கட்டும்போது யாராவது இழுத்துக் கட்டுகிறார்களா? அந்தத் தொய்வு இங்கேயும் வேண்டும். படுக்கையை மரத்தோடு பிணைக்கும் நாடா, அதாவது பட்டை, மரத்திலிருந்து கிடைமட்டத்துக்கு 30 பாகை சரிந்து இறங்கட்டும். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் எல் வடிவில் விரித்து, ஆள்காட்டி விரலைக் கிடையாக நீட்டுங்கள். இரு விரல் நுனிகளையும் இணைக்கும் சாய்வு ஏறத்தாழ அந்த அளவுதான். 70 கிலோ எடையுள்ளவர் படுத்தால், 30 பாகையில் ஒவ்வொரு பட்டையிலும் 70 கிலோ இழுவிசை விழும். 10 பாகைக்கு இறுக்கினால் அதுவே 200 கிலோ ஆகிவிடும். முடிச்சு அவிழ்வதும் கொக்கி வளைவதும் இதனால்தான்.

மரங்களுக்கு இடையே 4 மீட்டர் இருந்தால், பட்டையை 1.6 மீட்டர் உயரத்தில் சுற்றுங்கள். உட்கார்ந்தால் துணி தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் நிற்கும். நைலான் கயிறு வேண்டாம்; அது நனைந்தால் நீளும், மரப்பட்டையையும் அறுக்கும். இரண்டு விரல் அகலப் பாலியெஸ்டர் பட்டை நல்லது.

தொய்வாகக் கட்டிவிட்டு நேராகப் படுத்தால் உடம்பு வில்லாக வளையும். தலையை ஒரு பக்கமும் காலை எதிர்ப்பக்கமும் தள்ளிக் குறுக்காகப் படுத்துப் பாருங்கள். துணி தானாகவே தட்டையாகும். முதுகு வலிக்கு மருந்து இதுதான்.

அடுத்தது குளிர். வேலூர் வெயிலில் வளர்ந்த நமக்குக் குளிர் கீழிருந்து வரும் என்பது தோன்றுவதே இல்லை. கத்திரி வெயிலில் சுகம் தரும் அதே அடிக்காற்றுதான் மார்கழியில் எதிரி. கம்பளியோ தூக்கப்பையோ, முதுகுக்கு அடியில் நசுங்கியதும் அதிலுள்ள காற்று வெளியேறிவிடும். பிறகு அது வெறும் துணிதான். ஏலகிரியில் முதன்முறை இப்படிப் படுத்த நான், இரவு இரண்டு மணிக்கு எழுந்து காருக்குள் போய்ச் சுருண்டுகொண்டேன். 20 டிகிரிக்குக் கீழே போனாலே அடியில் காப்பு வேண்டும். துணிக்கு வெளியே, அடியில் தொங்கவிடும் பஞ்சுப் போர்வை சிறந்தது. அது கிடைக்காவிட்டால், யோகா விரிப்பு போன்ற நுரை விரிப்பை உள்ளே போடுங்கள். தோள் அதற்கு வெளியே நழுவும். அங்கே ஒரு ஸ்வெட்டரைச் செருகிவிடுங்கள்.

வடகிழக்குப் பருவமழை மார்கழியிலும் எட்டிப்பார்க்கும் என்பதால் மேலே தார்ப்பாய் கட்டுங்கள். பட்டையில் படுக்கைக்குச் சற்று முன்னால் ஒரு நூல் துண்டைக் கட்டித் தொங்கவிட்டால், மரத்திலிருந்து வழிந்து வரும் நீர் அதன் வழியே சொட்டிவிடும்.

மரம் எதுவென்று பாருங்கள். புளிய மரம் உறுதியானது (பேய்க்கு நான் பொறுப்பில்லை). முருங்கை ஆகவே ஆகாது. தென்னைக்கு அடியில் படுக்காதீர்கள். எந்த மரமானாலும் மேலே பட்டுப்போன கிளை இருந்தால் விலகிவிடுங்கள்.

காப்புக்காட்டில் அனுமதியின்றி நுழைவது 1882ஆம் ஆண்டு வனச் சட்டப்படி குற்றம். சந்தன மரத்துக்குப் பேர்போன மலை அது. இரவில் கயிறும் கத்தியுமாகத் திரிபவரை வனக்காவலர் சுற்றுலாப் பயணியாகப் பார்க்கமாட்டார். ஜமுனாமரத்தூர்ப் பக்கம் பட்டா நிலத்தில் ஒரு மாந்தோப்பைக் கேட்டு வாங்கித் தங்குங்கள். கேட்கும்போதே எந்த மரத்தில் முசுறு எறும்பு கூடு கட்டியிருக்கிறது என்றும் விசாரித்துவிடுங்கள். பட்டை வழியே அது படுக்கைக்கு இறங்கிவரும்.