வீணாய்ப் போன வருடங்களா?

அன்புள்ள ஐயா,
நான் திருகோணமலை உப்புவெளியில் இருந்து எழுதுகிறேன். கனேடிய விமானி, ஏயர் கொமடோர் லெனார்ட் பேர்ச்சலைப் பற்றி ஒரு கட்டுரை தயாரிக்கிறேன். 1942இல் இலங்கையைத் தாக்க வந்த ஜப்பானியக் கடற்படையைக் கண்டு சொன்னவர் அவர். அவரால்தான் திருகோணமலை தப்பியதா? பிறகு மூன்று வருடத்துக்கு மேல் கைதியாக இருந்ததில் அவருடைய தொழில்வாழ்க்கை வீணாய்ப் போய்விட்டது. அதைச் சுருக்கிவிட்டுப் பதவிகளையும் பதக்கங்களையும் விரித்து எழுதலாமா?

அன்புள்ள தம்பி,

திருகோணமலை எங்கே தப்பியது? பேர்ச்சல் கண்டு சொன்னது ஏப்ரல் 4ஆம் திகதி. அது மறுநாள் கொழும்பில் நடந்த தாக்குதலுக்கு முன்னறிவிப்பு. நம் ஊரில் குண்டு விழுந்தது 9ஆம் திகதி காலை. சீனன்குடா எண்ணெய்த் தாங்கி ஒன்று எரிந்தது, முதல் நாள் இரவு இங்கிருந்து வெளியேறிய ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. அன்று பேர்ச்சலின் அதே 413ஆம் கனேடிய விமான அணியைச் சேர்ந்த தோமஸ் என்ற விமானியும் கப்பல்களைக் கண்டு சொன்னார். அவரும் கூடப் போனவர்களும் திரும்பவே இல்லை. அவர் பெயரையும் சேர்த்துக்கொள். பதக்கங்களை விடு.

ஆனால் ‘வீணாய்ப் போய்விட்டது’ என்று எப்படி அப்பு எழுத மனம் வந்தது? சரியாகக் கோபம் வந்தது எனக்கு.

தென்கரையில் உள்ள கொக்கலையில் இருந்து பேர்ச்சல் ஓட்டிப் போன கற்றலினா விமானம் செய்தியை மூன்று தரம் அனுப்ப வேண்டும் என்பது முறை. மூன்றாம் தரம் அனுப்பிக்கொண்டிருக்கும்போதே சூடு விழுந்துவிட்டது. ஒன்பது பேரில் ஆறு பேரைத்தான் ஜப்பானியர் உயிரோடு பிடித்தார்கள். செய்தி அனுப்பவே இல்லை என்று பிடிபட்டவர்கள் சாதித்தார்கள். அந்த நேரம் பார்த்துக் கொழும்பு, ‘திரும்பச் சொல்லுங்கள்’ என்று கேட்டது ஜப்பானியர் காதிலும் விழுந்துவிட்டது. பிறகு என்ன, அடிதான்.

ஜப்பானில் முகாம் முகாமாக இருந்தபோது அவர் ஓட்ட விமானமும் இல்லை, கட்டளையிடப் படையும் இல்லை. அந்த நிலையிலும் அடிக்கிற காவலாளிக்கு முன்னால் போய் நின்றார். அடுத்த அடி தனக்குத்தான் என்று தெரிந்தே நின்றார். கைதிகளை வதைத்தபோது ஒருவரும் வேலை செய்யாமல் உட்காரும்படி செய்தார். நடந்ததையெல்லாம் ஒளித்து ஒளித்து எழுதி வைத்தார். அந்தக் குறிப்புகள் பின்னால் போர்க்குற்ற விசாரணையில் சாட்சியமாகின. அதிகாரியாக அவர் செய்த வேலை இதைவிட வேறு என்ன?

என் பெரியப்பா வெள்ளைக்காரன் காலத்தில் துறைமுகத்தில் கங்காணி. காய்ச்சலோடு மூட்டை தூக்க வந்த ஒருவனை வீட்டுக்கு அனுப்பினார். மேலே இருந்த துரை, அவனுடைய நாட்கூலியை வெட்டச் சொன்னார். “பேர்ப்புத்தகம் என் கையில் இருக்கிற வரைக்கும் வெட்ட மாட்டேன்” என்று சொல்லி, அந்தப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றாராம். அடுத்த கிழமை அவருக்கு வேலை இல்லை. பெரியம்மா சாகும் வரைக்கும் அதைச் சொல்லித் திட்டுவா. அந்தக் காய்ச்சல்காரனின் பிள்ளைகள் ஒவ்வொரு சித்திரை வருசத்துக்கும் வெற்றிலையோடு வந்து பெரியப்பாவின் காலில் விழுந்து போனதை நான் பார்த்திருக்கிறேன். கங்காணிப் பதவி அவரிடம் இருந்தது கொஞ்சக் காலம்தான். ஆனால் அந்தப் பதவி எதற்கு என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

தம்பி, இந்த வயதில் இப்படி ஒரு விசயத்தைத் தேடிப் படிக்கிறாயே, அது எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமா? அதனால்தான் இவ்வளவு ஏசுகிறேன். கட்டுரையை முகாமில் இருந்து தொடங்கு. 1940இல் இத்தாலியக் கப்பல் ஒன்றின் மேல் தாழப் பறந்து, அதைக் கரைதட்ட வைத்த கதைக்கு ஒரு பந்தி போதும். 1963 முதல் 1967 வரை கனடாவின் கிங்ஸ்டன் இராணுவக் கல்லூரிக்குத் தலைமை தாங்கியதைக் கடைசியில் வை. இளம் அதிகாரிகளைப் பழக்க அவரைப் போன்ற ஒருவரை ஏன் தேடி வைத்தார்கள் என்று, முகாமைப் படித்தவர்களுக்கு நீ விளக்க வேண்டியிருக்காது. எழுதி முடித்ததும் எனக்கு அனுப்பு.